கரிமூட்டத்தடியில் படித்த இரும்புப் பாடம்

முதுகலை வரலாற்றில் தொழில்நுட்ப வரலாற்றுத் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை வந்த கேள்வி: 'தொடக்க கால இரும்பு உருக்கல் காடுகளை அழித்ததா? விவாதிக்க.' மூன்று பக்கமும் 'அழித்தது' என்பதையே திருப்பித் திருப்பி எழுதினேன். தேறவில்லை.

எங்கள் ஊர் சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரம். சுற்றிலும் சீமைக்கருவேலம். சித்தப்பா கரிமூட்டம் போடுகிறவர். அந்த விடுமுறையில் புத்தகத்தோடு மூட்டத்தடிக்கே போய் உட்கார்ந்தேன். விறகை அடுக்கி, மேலே மண் மூடித் தீ வைத்த பிறகு அவருக்கு வேலையெல்லாம் காற்றைத் தடுப்பதுதான். "விரிசல் விட்டா உடனே மண்ணப் போட்டு அடைக்கணும்ப்பா. காத்து பூந்துச்சுன்னா கரி இல்ல, சாம்பல்தான்" என்றார். முதலில் வெள்ளையாக வருவது விறகின் ஈரம். புகை மெலிந்து நீலமானால் மூட்டம் வெந்துவிட்டது. ஐந்தாறு கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி. அந்தக் கணக்கைக் கேட்டதும்தான் ஓர் உலை எவ்வளவு மரம் தின்னும் என்பது எனக்கு உறைத்தது.

சரி, விறகையே உலையில் போட்டால் என்ன? இதைப் புரிந்துகொண்டால் பாதித் தாள் கையில். கரிக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று, சூடு: ஈரம் போய்விட்டதால் விறகைவிடக் கரி அதிகச் சூடு தரும். இன்னொன்று, அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். துருத்தி ஊதிய பழைய உலைகள் 1200 டிகிரியை ஒட்டித்தான் எட்டின. அதனால் இரும்பு உருகி ஓடவில்லை. தாதுவிலிருந்த வேண்டாத கழிவான கசடுதான் உருகி வடிந்தது. இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக நின்றது. அதைச் சம்மட்டியால் அடித்து மிச்சக் கசடை வெளியேற்றினார்கள். முதல் முறை 'இரும்பை உருக்கி ஊற்றினார்கள்' என்று எழுதியிருந்தேன். அது பெரிய தப்பு.

அப்புறம் காடு. சித்தப்பா வெட்டிய தூரில் அடுத்த மழைக்கே மறுதாம்பு தழைத்து நின்றது. இங்கே அதுவே தொல்லை. தூரோடு பிடுங்கினாலொழிய சீமைக்கருவேலம் போகாது. ஆனால் இங்கிலாந்தின் வீல்ட் பகுதியில் இரும்புக்காரர்கள் இதே குணத்தை நம்பித்தான் பிழைத்தார்கள்: காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி, தழையவிட்டு, பல ஆண்டு கழித்து மறுபடி வெட்டினார்கள். அப்படிக் காத்த இடத்தில் காடு நிலைத்தது. தழைய நேரம் கொடுக்காத இடத்திலும், தூரை ஆடுமாடு மேய்ந்த இடத்திலும், உழவுக்குத் திருப்பிய இடத்திலும்தான் காடு போனது. மரம் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லாமலும் இல்லை. முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் ஒன்று, கடலிலிருந்தும் படகு செல்லும் ஆறுகளிலிருந்தும் 14 மைலுக்குள் பெருமரங்களை இரும்பு உலைக் கரிக்காக வெட்டக் கூடாது என்றது. கப்பலுக்கு மரம் வேண்டுமே! வீல்டுக்கு விலக்கு. இரண்டாம் முறை இதை எழுதியபோதுதான் அது விவாதமாயிற்று.

தமிழ்நாட்டு உதாரணமாகப் பரங்கிப்பேட்டையைச் சேருங்கள். 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவைக் கொண்டு அங்கே ஆலை நடத்தினார். கரி கிடைப்பதே பெரும்பாடாயிற்று. 1709-இல் இங்கிலாந்தில் டார்பி என்பவர் மரக்கரிக்குப் பதிலாக நிலக்கரியைச் சுட்டுக் கோக்காக்கி உலையில் போட்டதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம்.

உலைப் படத்தைப் பென்சிலில் போடுங்கள். ஊதுகுழல் அடிப்பக்கம், கசடு வடியும் வாய் அதற்கும் கீழே.