பிரம்மா சேவல்: டார்க்கா, கோல்டா?

கோழிக் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கும்போது இனம் பிரம்மா என்று எழுதியதோடு வேலை முடியாது, நிற வகை என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதை மாற்றி எழுதினால் உடம்புக்கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடுவர் ஒதுக்கிவிடுவார்.

என்னிடம் இருந்த ஜோடியை விற்றவர் வெறுமனே 'சில்வர்' என்றுதான் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி அசில் என்ற சண்டைச் சேவல் இனத்திலேயே ஊறியவர். பொன்சிவப்பு என்றால் பீலா, வெள்ளை என்றால் நூரி, கறுப்பு வெள்ளைப் புள்ளி என்றால் சித்தா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். அவர் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏல, ரெண்டும் வேற வேற சாதில்லா, இத எப்படி சோடின்னு வாங்குன?" என்றார்.

கேட்டது நியாயம்தான். சேவலுக்கு நெஞ்சு, தொடை, வால் எல்லாம் கறுப்பு. கழுத்தும் முதுகும் வெள்ளி, கழுத்து இறகின் நடுவில் மட்டும் கறுப்புக் கோடு. பெட்டையோ சாம்பல், உடம்பு இறகு ஒவ்வொன்றிலும் விளிம்பின் வளைவை ஒட்டி ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய கறுப்புக் கோடுகள். ஆனால் டார்க் பிரம்மாவே அப்படித்தான், சேவலும் பெட்டையும் ஒன்றுபோல இருக்காது. லைட் பிரம்மாவில் இந்தத் தொல்லை இல்லை: இரண்டுக்கும் வெள்ளை உடம்பு, கழுத்தில் கறுப்புக் கோடு, கறுப்பு வால். இறக்கையை விரித்தால் உள்ளே கறுப்பு தெரியும், மடக்கினால் மறைந்துவிடும், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் தர நூலில் இந்த இரண்டும் 1874-லேயே ஏறிவிட்டன, வெள்ளைக்குப் பதில் பொன்மஞ்சள் உடம்புள்ள பஃப் 1924-ல். பிரிட்டனில், டார்க்கின் வெள்ளிக்குப் பதில் பொன்னிறம் வரும் கோல்டும் தனி வகை.

அந்த கோல்டுதான் என்னைப் படுத்தியது. சேவலின் முதுகிலும் வாலுக்கு முன்னால் தொங்கும் இறகுகளிலும் மஞ்சள் பாய்ந்திருந்தது. கோல்டு ரத்தம் கலந்ததா, இல்லை நம்ம பாளையங்கோட்டை வெயில் பார்த்த வேலையா? வெள்ளை இறகு வெயிலில் கிடந்தால் பழுக்கும், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். மேல் இறகை ஒதுக்கி அடியில் பார்த்தேன், வெயில் படாத பாகம் வெள்ளையாகத்தான் இருந்தது. அதோடு விட மனசு வராமல் முதுகில் ஓரிரு இறகைப் பிடுங்கிவிட்டு, சேவலை வேப்பமர நிழலில் கூண்டு போட்டு வைத்தேன். பிடுங்க வேண்டும், வெட்டக் கூடாது; வெட்டினால் அடுத்து இறகு உதிர்க்கும் வரை அந்தக் குச்சி அப்படியே நிற்கும், பிடுங்கினால் புது இறகு உடனே கிளம்பும். முளைத்து வந்தது பளிச்சென்று வெள்ளி. கோல்டு என்றால் புது இறகிலும் அந்த நிறம் வந்திருக்கும்.

இதையெல்லாம் குஞ்சிலோ விடைக்கோழியிலோ பார்த்து முடிவு கட்டாதீர்கள், பெரிய இறகு முழுசாக வரட்டும்.

படிவத்தில் டார்க் என்று எழுதிக் கொடுத்தேன். திண்டுக்கல் பக்கம் நடந்த கண்காட்சியில் நடுவர் சேவலைத் தூக்கி, நெஞ்சு இறகைப் புரட்டி, கறுப்புக்கு நடுவே இரண்டு வெள்ளை நுனிகளைக் காட்டி மதிப்பெண் குறைத்தார். வகையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.