தேர்வுக்குப் பின்

மார்ச் 4
நேர்முகத் தேர்வின் முடிவில், கோப்பை மூடிவைத்துவிட்டுக் குழுத் தலைவர் கேட்டார்: "கல்யாணமாகிவிட்டது, அடுத்து குழந்தைதானே?" நான் பதில் சொல்லவில்லை. சொற்கள் மாறாமல் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 6
தகவல் இல்லை. காலையில் மீண்டும் குமட்டல்.

மார்ச் 9
சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை (1958) இரவு வெகுநேரம் படித்தேன். இனம், நிறம், பால், மதம் முதலியவற்றின் பெயரால் வேலைவாய்ப்பில் வேறுபாடு காட்டுவதைத் தவறென்று சொல்லும் அது, ஒரு வேலைக்கு இயல்பாகவே தேவைப்படும் தகுதிகளைக் கேட்பதைப் பாகுபாடாகக் கருதுவதில்லை. கணக்குகளைத் தணிக்கை செய்வதற்கும் நான் எப்போது பிள்ளை பெறுவேன் என்பதற்கும் என்ன தொடர்பு என்று அந்த மனிதர்தான் விளக்க வேண்டும்.

மார்ச் 13
"தங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்துள்ளார்."

மார்ச் 14
தேர்வானவரும் ஒரு பெண்ணாம். இதைக் கேட்டதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெண்ணையே எடுத்திருக்கும்போது பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று யாரிடம் முறையிடுவது? வழக்கறிஞரான தோழி டெக்கர் வழக்கைப் பற்றிச் சொன்னாள். நெதர்லாந்தில், தேர்வுக் குழுவே மிகத் தகுதியானவர் என்று பரிந்துரைத்த பெண்ணை, பேறுகால விடுப்புக்கான செலவைக் காப்பீடு திருப்பித் தராது என்று காரணம் காட்டி நிறுவனம் மறுத்தது. போட்டியிட்டவர்கள் அனைவரும் பெண்களாக இருந்தாலும், கருவுற்றதால் மறுப்பது நேரடியான பால் பாகுபாடே, பண இழப்பு அதற்கு நியாயமாகாது என்று 1990இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நமக்கு வழிகாட்டலாம், கட்டுப்படுத்தாது என்று உடனே சேர்த்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வராதவள். அதனால்தான் அவளிடம் கேட்கிறேன்.

மார்ச் 15
டெக்கர் தாம் கருவுற்றிருப்பதைக் குழுவிடம் தாமே சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை.

மார்ச் 17
மறுத்தவரின் மனத்தில் இருந்த காரணத்தை மறுக்கப்பட்டவர் எப்படிக் காட்டுவது? பாகுபாடு நடந்திருக்கலாம் என்று ஊகிக்கப் போதிய உண்மைகளை விண்ணப்பதாரர் முன்வைத்தால், அப்படி நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தின்மீது விழும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் விதித்ததாம். என் கையில் இருக்கும் உண்மை அந்த ஒரே கேள்விதான். குழுவில் இருந்த இன்னொருவர் அப்போது தலையைக் குனிந்துகொண்டார். அவர் சாட்சி சொல்வாரா?

மார்ச் 20
மதிப்பெண் பட்டியலையும் தேர்வுக் குறிப்புகளையும் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பித்தேன். கருவுற்றிருப்பதை அதில் எழுதவில்லை. அக்கா திட்டினாள், எனக்கு வேலை வேண்டுமா வழக்கு வேண்டுமா என்று. இரண்டும்தான் அக்கா.

மார்ச் 23
குறிப்புகள் "பாதுகாக்கப்படவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. தோழி அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறாள்.