கோமாளி மீன் குஞ்சு: மூழ்குவதும் மிதப்பதும்

காட்பாடியில் கடல்மீன் வளர்க்க முதலில் கடலைக் கலக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலவையைக் கரைத்து, நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.025 வைக்கிறேன். வேலூர் மே மாத வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். கடல்நீர் 25 டிகிரியிலிருந்து 30க்குச் சூடானால் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம் எடை குறையும். இரண்டு கிராம் உப்பு கூடினால் அது சரியாகிவிடும். பெரிய மீன் இதையெல்லாம் சட்டை செய்யாது. குஞ்சுகள் அப்படியில்லை.

கொடுவா மீன் முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருக்கும், கடல்நீரைவிட உப்பு குறைந்த திரவமும் இருக்கும். அதனால்தான் மிதக்கிறது, வெளியே உப்பு குறைந்தால் அடியில் போய்விடும். கோமாளி மீன் முட்டைக்கு அந்தக் கவலை கிடையாது, மண்சட்டி ஓட்டில் ஒட்டியபடியே வளரும். விளக்கணைத்த பிறகு பொரித்தன. டார்ச் காட்டியதும் வெளிச்சத்துக்கு வந்து மொய்த்தன.

பிறகு ஒருநாள் கரண்ட் போய் காற்று பம்ப் நின்றது. வசதியாகப் போயிற்று! அசையாத தண்ணீரில், நீந்துவதை நிறுத்திய குஞ்சுகளில் சில மெல்லக் கீழே இறங்கின, சில அந்தரத்திலேயே நின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால், நின்றவற்றின் குடலுக்கு மேல் ஒரு வெள்ளிப் பொட்டு. காற்றுப்பை.

தசை நீரைவிடக் கனம். கருவுணவு தீர்ந்தபின் மிதக்க இந்தப் பைதான் துணை. பல கடல்மீன் குஞ்சுகள் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கித்தான் முதன்முதலில் அதை நிரப்புகின்றன. அந்தக் காற்று போகும் குழாய் பல இனங்களில் பிறகு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் ரத்தத்திலிருந்துதான் வாயு வர வேண்டும். அந்த முதல் வாய்க் காற்றைத் தவறவிட்ட குஞ்சு ஓயாமல் மேல்நோக்கி நீந்தி முதுகெலும்பு வளைந்து போவதுண்டு. கலிபோர்னியக் கரையோர நெத்திலிக் குஞ்சுகள் இன்னும் விசித்திரம்: இரவுதோறும் மேலே வந்து பையை நிரப்பிக்கொள்ளும்.

நீர்மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் குஞ்சின் வாய் அதைத் துளைக்காது. கடல்மீன் குஞ்சுப் பண்ணைகளில் படலத்தை ஊதி ஒதுக்கி எடுக்கிறார்கள். நான் காலையும் மாலையும் டிஷ்யூ பேப்பரை மேலே படரவிட்டு எடுக்கிறேன், காற்றையும் குறைத்திருக்கிறேன். ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்த் தீனி பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் இதற்கும் அதே அளவு மெனக்கெட வேண்டும்.

வெள்ளைக் கோடு விழத் தொடங்கியவை இப்போது தாமாகவே அடித்தளத்தைச் சுற்றுகின்றன. அவற்றுக்கு ஆர்டீமியா என்ற சிறு உப்புநீர் இறால் கொடுக்க ஆரம்பித்தாயிற்று.