30 மி.மீ. என்றால் எந்த 30?

"30 மி.மீ. பீரங்கி" என்று செய்தியில் வந்தால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. 30 என்பது குழல் விட்டம், அவ்வளவுதான். தோட்டாவின் வலு கேஸில், அதாவது குண்டைத் தள்ளும் மருந்து அடைத்த உலோகக் கூட்டில் இருக்கிறது. அப்பாச்சி ஹெலிகாப்டரின் எம்230 பீரங்கிக்குக் கேஸ் நீளம் 113 மி.மீ.; பிஎம்பி-2 கவச வண்டியின் 2ஏ42க்கு 165; ஏ-10 விமானத்துக்கு 173.

நீளம் ஒத்துப்போனாலும் போதாது. ரஷ்ய 30×165 தோட்டாவில் பிஎம்பி-2க்கானது ஊசி அடித்தால் வெடிக்கும். சு-25 விமானத்துக்கானதற்கு மின்சாரம் பாய வேண்டும். வெளியளவு ஒன்றுதான், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்தான் வேறு. மாற்றிப் போட்டால் சுடாது.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் 30 மி.மீ. பீரங்கியும் இந்த 2ஏ42 வகைதான், பிஎம்பி-2இன் இந்திய வடிவமான நம் சாரத் வண்டிகளுக்காக. இதற்கு இரண்டு தோட்டா பெல்ட்: கவசம் துளைப்பது 160, வெடிகுண்டு வகை 340. வெடிகுண்டு வகையான 3யூஓஎஃப்8இல் சுமார் 49 கிராம் வெடிமருந்து உண்டு; போகும் பாதையை ஒளிர்ந்து காட்டும் ட்ரேசர் கிடையாது. குண்டு எங்கே போகிறது என்று சுடும் கன்னருக்குத் தெரியாது. அதனால் ட்ரேசர் உள்ள 3யூஓஆர்6ஐ இடையிடையே கோப்பார்கள். ட்ரேசர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அதில் வெடிமருந்து ஏறக்குறைய 11 கிராம்தான். அது வழிகாட்டி, அடிப்பது மற்றது.

கவசத்துக்குப் பழைய 3யூபிஆர்6 முழு எஃகு, 400 கிராம், நொடிக்கு 970 மீட்டர். புதிய 3யூபிஆர்8இல் டங்ஸ்டன் கரு, மேலே கழன்று விழும் உறை. எடை 304 கிராம், வேகம் 1120. பழைய அளவுகோலை வைத்துக் குறி பார்த்தால் குண்டு இலக்குக்கு மேலே போகும். கழன்ற உறைத் துண்டுகள் வண்டிக்கு முன்னால் நடக்கும் சொந்தக் காலாட்களைக் காயப்படுத்தவும் செய்யும்.

2ஏ42 வேகமான முறையில் நிமிடத்துக்கு 550 தோட்டாவுக்கு மேல் சுடும். கணக்குப் போட்டால் 500 தோட்டாவும் ஒரு நிமிடத்துக்குள் காலி. அதற்கு முன்பே டரெட், அதாவது பீரங்கி பொருத்திய சுழல் மேடை, முழுக்கப் புகை நிறைந்துவிடும் என்பது இதன் பழைய குறை. என்னைக் கேட்டால் மெதுவான முறையில் சிறு சிறு தொடராகச் சுடுவதே உருப்படியான வழி.

அப்பாச்சியின் கதை வேறு. சிறிய கேஸ், நொடிக்கு 805 மீட்டர்தான். வேகத்தை நம்பிக் கவசம் துளைக்க முடியாது. எனவே எம்789 குண்டுக்குள் செம்புக் கூம்பு வைத்த வெடிமருந்து; வெடிக்கும்போது அந்தச் செம்பே தாரையாகப் பாய்ந்து துளைக்கும். தூரத்தில் வேகம் குறைந்தாலும் துளைக்கும் திறன் பெரிதாகக் குறையாது.