மூன்று மாதத்தில் நான்கு பாட்டில்

என் மகனுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாகவே, மதுரையில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவான். புறங்கையால் தேய்ப்பான், சட்டைக் காலரால் தேய்ப்பான், தூக்கத்தில் தலையணையில் வைத்துத் தேய்ப்பான். போன வருடம் மார்ச்சில் வகுப்பு ஆசிரியை போன் செய்து, "மெட்ராஸ் ஐ மாதிரி தெரியுதும்மா, வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். நானும் அதுதான் என்று நம்பினேன்.

அம்மாச்சி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. தெருமுனை மெடிக்கலில் போய்க் கேட்டேன். சீட்டு இருக்கிறதா என்று கேட்காமலே ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாளே கண் பளிச்சென்று வெளுத்துவிட்டது. பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான். ஐந்து நாளில் நிறுத்தினேன். ஒரு வாரத்தில் அதே சிவப்பு, அதே அரிப்பு. மறுபடியும் அதே மருந்து. இப்படியே மூன்று மாதத்தில் நான்கு பாட்டில் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்டதே ஒழிய ஒருநாளும் கெடுக்கவில்லை. அதனால் சந்தேகமே வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த வாரம், "லைட்டைப் பார்த்தா கண்ணு கூசுதும்மா" என்றான். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா அவன் மேல் இமையை மடக்கித் திருப்பி எனக்கும் காட்டினார். உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் கூழாங்கல் பதித்த தரை மாதிரி மேடு மேடாக இருந்தது. பூளை நூல் போல நீண்டு வந்தது. "இது மெட்ராஸ் ஐ இல்லம்மா, அலர்ஜி. வெயில் ஊர்ல சின்னப் பசங்களுக்கு, அதுலயும் ஆம்பளைப் பசங்களுக்கு, நிறைய வரும். வளர்ந்து பெரியவனாகுறப்போ பெரும்பாலும் அடங்கிரும்" என்றார். மெட்ராஸ் ஐ வைரஸால் வருவது. பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறுகண்ணுக்குப் பரவும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். இவனுக்கோ இரண்டு கண்ணிலும் ஒன்றாக, வருடா வருடம் அதே மாதத்தில், எரிச்சலைவிட அரிப்பாக வந்துகொண்டிருந்தது. இதை நானே கவனித்திருக்கலாம்.

பிறகுதான் கேட்டார்: "இதுவரைக்கும் என்ன மருந்து விட்டீங்க?"

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அதில் கிருமிக்கான மருந்தின் பெயருக்குக் கீழே, நான் ஒருநாளும் படிக்காத பொடி எழுத்தில், டெக்சாமெத்தசோன் என்று இருந்தது. ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கிவிடும் மருந்து. உடனே கண் அழுத்தம் பார்த்தார்கள். 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டியது, வலது கண்ணில் 28, இடது கண்ணில் 26. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால் சில பிள்ளைகளுக்கு அழுத்தம் இப்படி ஏறுமாம். கண்டுகொள்ளாமல் விட்டால் பார்வை நரம்பு கெடும், புரை விழவும் வாய்ப்புண்டு. "வலியே இருக்காதும்மா, அதுதான் பிரச்சனை" என்றபோது எனக்குக் கை நடுங்கியது. கண்மணியை விரிய வைத்து உள்ளே பார்த்து, நரம்பும் லென்ஸும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லும்வரை நான் உட்காரவில்லை.

அந்த மருந்தை அன்றே நிறுத்தச் சொன்னார். அழுத்தம் குறைய ஒரு சொட்டு மருந்து எழுதும் முன், "வீசிங் இருக்கா, இளைப்பு வருமா?" என்று இரண்டு முறை கேட்டார். டிமோலால் என்ற அந்த மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதாம். அரிப்புக்கு ஒலோபடடின், தினம் இரண்டு வேளை. இமை மேடுகளுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு. ஈரப்பதத்துக்கு ஒரு சொட்டு மருந்து. அதை பிரிட்ஜில் வைத்து விட்டால் அரிக்கும்போது இதமாக இருக்கும் என்றார். ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் ஐந்து நிமிட இடைவெளி. ஒரு சொட்டு போதும். விட்டதும் மூக்கோரக் கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். கசக்குவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவனிடமே சொன்னார். விடாமல் கசக்கினால் கருவிழி கூம்பு போலப் புடைத்துப்போகும் அபாயம் உண்டு.

கண்ணைப் பார்த்தவர் மூக்கையும் பார்த்தார். மூக்கின் குறுக்கே ஒரு கோடு. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து விழுந்ததாம். காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல் போடுவதை நாங்கள் சளி என்றே நினைத்திருந்தோம். இஎன்டி டாக்டரிடம் அனுப்பினார்.

அங்கே மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதினார்கள். பெட்டியைப் படித்தேன், மறுபடியும் ஸ்டீராய்டு. "இதனாலதானே சார் கண்ணு கெடப் பார்த்துச்சு" என்று கேட்டே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்கில் அடிப்பது மிகக் குறைந்த அளவு, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆனாலும் இவனுக்கு ஏற்கெனவே அழுத்தம் ஏறியிருப்பதால் கண் டாக்டரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனையைத் தவறவிடாமல் தொடங்கலாம் என்றார். அப்படியே செய்தோம். தலையைச் சற்றே குனிந்து, வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உறிஞ்சி இழுக்கக் கூடாது. முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரத்தில் காலைத் தும்மல் இரண்டு மூன்றாகக் குறைந்தது. மூக்கு அடங்க அடங்கக் கண்ணும் அடங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டிலும் வேலை இருந்தது. அம்மாச்சி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய இலவம்பஞ்சுத் தலையணை, பத்து வருடப் பழசு. தட்டினால் வெயில் கீற்றில் தூசி பறந்தது. மனசில்லாமல்தான் எடுத்து வைத்தேன். உறை, விரிப்பு எல்லாம் வாரம் ஒருமுறை கொதிக்கிற வெந்நீரில். அவன் பள்ளிக்குப் போன பிறகுதான் துடைப்பம் எடுப்பேன், மற்ற நேரம் ஈரத்துணிதான். மின்விசிறி இறக்கையில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தபோது துணி கறுத்துவிட்டது. வெளியே போனால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்.

நான்கு வாரத்தில் அழுத்தம் 17, 16-க்கு இறங்கியது. காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போய்ச் சொன்னேன். "எல்லாரும் கேட்டு வாங்குறாங்கக்கா" என்றார் அந்தத் தம்பி. கேட்டு வாங்குகிறவர்கள் பாட்டிலில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மருந்துகளையும் டாக்டர்கள் கொடுப்பார்கள்தான். ஆனால் நாள் குறித்து, படிப்படியாகக் குறைத்து, அழுத்தம் பார்த்துக் கொடுப்பார்கள். கண் வலித்தாலோ, கூசினாலோ, பார்வை மங்கினாலோ மெடிக்கலுக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

இந்த மார்ச்சிலும் அரிப்பு வந்தது. பள்ளி விட்டு வந்ததும் அவனே துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, பிழிந்து, கண்மேல் போட்டுப் படுத்துக்கொள்கிறான். போன வாரம் அழுத்தம் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் 15.