372 நாள்

என் கணினியில் 'பூமி இரண்டு' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இன்னும் இருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில் போட்டது. உள்ளே ஒரே ஒரு நட்சத்திரத்தின் நாலு வருட வெளிச்சக் கணக்கு. அதற்குப் பிறகு மூன்று கணினி மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த ஃபோல்டர் என்னோடு வந்துவிடுகிறது.

அப்போது நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி, இரண்டாம் வருடம். வானியல் என்றதும் வீட்டில் எல்லோரும் மலை உச்சி, குளிர், ராத்திரிக் கண்விழிப்பு என்று கற்பனை செய்துகொண்டார்கள். நான் காலை பத்து மணிக்குப் போய் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஆறு மணிக்கு பஸ் பிடிக்கிற ஆள். என் தொலைநோக்கியை நான் பார்த்ததே கிடையாது. கெப்ளர் என்ற அந்த விண்கலத்தை நாசா 2009 மார்ச்சில் ஏவியது. அது பூமியைச் சுற்றாமல், பூமிக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியபடி சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் தரவு எல்லாருக்கும் பொது. இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கெப்ளர் செய்தது ஒரே வேலை. அன்னப்பறவை, யாழ் விண்மீன் கூட்டங்களின் பக்கம் வானத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அங்கே இருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை நாலு வருடம் முறைத்துப் பார்த்தது. அரைமணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் குறித்து வைத்தது. நட்சத்திரத்துக்கு முன்னால் அதன் கோள் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும். அதற்குப் பெயர் டிரான்சிட். நம் சூரியனை வெகுதூரத்திலிருந்து யாராவது பார்த்தால், பூமி குறுக்கே போகும்போது பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும், அதுவும் அதிகபட்சம் 13 மணி நேரத்துக்கு.

பத்து லட்ச ரூபாயைச் சில்லறையாகக் கொட்டி, அதில் 84 ரூபாய் குறைகிறதா என்று எண்ணச் சொன்னால் எப்படியிருக்கும்? எண்ணுகிறவருக்கே 20 ரூபாய் வரை கை தவறும் என்றுதான் கெப்ளர் குழு முதலில் கணக்குப் போட்டிருந்தது. ஆனால் சூரியன் போன்ற நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் படபடத்தன. தவறு 30 ரூபாய்க்குப் போய்விட்டது. அப்படியானால் இன்னும் பல வருடம் பார்த்தால்தான் பூமி மாதிரி ஒன்றை நம்பிச் சொல்ல முடியும். பார்க்கலாம் என்று இருந்தபோதுதான், விண்கலத்தை ஆடாமல் பிடித்து வைத்திருந்த நாலு சக்கரங்களில் ஒன்று 2012 ஜூலையிலும் இன்னொன்று 2013 மேயிலும் நின்றுபோயின. நாலு வருடத் தரவுதான் மிச்சம். நான் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. கல்யாணம் முடிந்த பிறகு பந்திக்குப் போனவள் மாதிரி.

சரி, அந்த ஆகஸ்ட்டுக்கு வருகிறேன். நானே எழுதிய தேடல் நிரலை ராத்திரி ஓடவிட்டுப் போயிருந்தேன். காலையில் வந்து பட்டியலைப் பார்த்தால், சூரியன் மாதிரியே ஒரு நட்சத்திரத்தில் நாலு பள்ளங்கள். ஆழம் பத்து லட்சத்தில் 120 பங்கு, நீளம் 11 மணி நேரம், இடைவெளி 372.4 நாள். எனக்குத் தெரிந்த சோதனையெல்லாம் போட்டேன். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைக்கிற கேஸ் என்றால் ஒற்றைப்படைப் பள்ளத்துக்கும் இரட்டைப்படைப் பள்ளத்துக்கும் ஆழம் வேறுபடும். வேறுபடவில்லை. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் கலந்திருந்தால் பள்ளத்தின்போது ஒளிமையம் நகரும். நகரவில்லை. அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. நட்சத்திரத்தின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. யார் திருடப்போகிறார்கள்?

மறுநாள் என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் போனேன். அவருக்குத் திருச்சிப் பக்கம். வேலை சூடாக இருந்தால் தமிழுக்கு வந்துவிடுவார்.

"எத்தனை நாளுக்கு ஒரு தடவைம்மா?"

"372.4 நாள், மேடம்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கெப்ளர் சூரியனைச் சுத்த எத்தனை நாள் ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக அதன் தரவோடு குடித்தனம் நடத்துகிறேன், அது தெரியவில்லை.

"முந்நூத்தி எழுபத்திரண்டரை. நாலு பள்ளமும் எந்தெந்தக் காலாண்டுல வருது பாரு."

அங்கேயே பார்த்தோம். 4, 8, 12, 16. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி குடிக்கலாமா என்று கேட்டார்.

விஷயம் இதுதான். சூரியத் தகடுகள் சூரியனைப் பார்த்தபடி இருக்க, கெப்ளர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே 90 பாகை திருப்பிக்கொள்ளும். ஆகவே ஒரே நட்சத்திரம் ஒவ்வொரு காலாண்டும் கேமராவில் ஒளியைப் பதியும் வேறொரு சில்லில் விழும். நாலு முறை திரும்பினால் மறுபடி பழைய சில்லு, பழைய இடம். சில சில்லுகளின் மின்சுற்றில் ஒரு கோளாறு இருந்தது. மின்குறிப்பைப் பெரிதாக்கும் பெருக்கிகள் தாமாகவே அதிர்ந்து, படத்தின் மேல் பட்டை பட்டையாக மெல்லிய நிழல் விழும். வெப்பநிலை மாறினால் அந்தப் பட்டைகள் மெல்ல ஊரும். ஊர்ந்து ஒரு நட்சத்திரத்தைக் கடந்துபோகும்போது வெளிச்சம் கொஞ்சம் குறைந்த மாதிரி பதிவாகும். வருடத்துக்கு ஒருமுறை, அதே சில்லில், அதே பருவத்தில். என் நட்சத்திரம் வருடத்தில் மூன்று மாதம் அப்படியொரு சில்லில் குடியிருந்தது. அந்தச் சில்லின் பெயர் கெப்ளர் கருவிக் கையேட்டில் பட்டியல் போட்டே கொடுக்கப்பட்டிருந்தது. கையேட்டை நான் சேர்ந்த முதல் வாரமே இறக்கி வைத்திருந்தேன். திறக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், எதைத் தேடி இத்தனை பாடோ அதே இடத்தில்தான் இந்தப் பொய்யும் வந்து உட்கார்ந்திருக்கிறது. சூரியன் மாதிரி நட்சத்திரத்தில், தண்ணீர் தண்ணீராக இருக்கக்கூடிய தூரத்தில் ஒரு கோள் இருந்தால் அதற்கும் வருடம் ஏறக்குறைய அவ்வளவுதான். பத்து நாளில் சுற்றும் கோளைத் தேடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அப்புறம் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். சொன்னால் சிரிப்பார்கள், எனக்குப் பிடித்துப்போனது. கோள்களைவிட இந்தப் பட்டை நிழல்கள் மேல் எனக்கு ஆர்வம் அதிகமானது. ஆய்வேட்டில் பாதி அதுதான். நேர்காணல்களில் "எத்தனை கோள் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்பார்கள். "கண்டுபிடித்தது குறைவு, கழித்துக்கட்டியது நிறைய" என்பேன். இரண்டு இடங்களில் வேலை கிடைக்காததற்கு அந்தப் பதில்கூடக் காரணமாக இருக்கலாம்.

கெப்ளர் குழு 2017இல் வெளியிட்ட கடைசிப் பட்டியலில் இதற்கு ஒரு அழகான தந்திரம் இருந்தது. எல்லா நட்சத்திரங்களின் வெளிச்ச வரைபடத்தையும் தலைகீழாகப் புரட்டி, அதில் கோள் தேடினார்கள். கோள் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. ஆகவே புரட்டிய படத்தில் எது அகப்பட்டாலும் அது பொய். பொய் எவ்வளவு அகப்படும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். காலாண்டுகளின் வரிசையைக் கலைத்துப்போட்டும் தேடினார்கள். இல்லாத கோள்களைத் தரவில் தாங்களே ஒளித்துவைத்து, நிரல் கண்டுபிடிக்கிறதா என்றும் பார்த்தார்கள். 'இங்கே கோள் இருக்கலாம்' என்று நிரல் கொடுத்த 34,032 எச்சரிக்கைகளில் கடைசியில் தேறியவை 4,034. அவ்வளவு சலித்த பிறகும் வருடக்கணக்கில் சுற்றும் சின்னக் கோள்கள் பக்கம் கை வைக்கவே பயமாக இருந்தது. 2015 ஜூலையில் 'பூமியின் உறவுக்காரன்' என்று செய்தித்தாள்கள் கொண்டாடிய கெப்ளர்-452பி நினைவிருக்கலாம். அதன் வருடம் 385 நாள். கெப்ளர் பணியில் இருந்தவர்களே சிலர் சேர்ந்து 2018இல், கருவியின் சேட்டையைக் கணக்கில் எடுத்தால் அதை உறுதியான கோள் என்று சொல்ல முடியாது என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரையை எந்தச் செய்தித்தாளிலும் நான் பார்க்கவில்லை. எனக்கு அது ஒரு கோளைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய காரியம். அதே வேலையில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அதே 2018 அக்டோபர் இறுதியில், எரிபொருள் தீர்ந்துவிட்டது, கெப்ளர் ஓய்வு பெறுகிறது என்று நாசா அறிவித்தது.

ஒரு உறுத்தலும் உண்டு. இத்தனை சல்லடையில் நிஜக் கோள் ஒன்றிரண்டும் பதரோடு போயிருக்கும். 372 நாளில் சுற்றும் நிஜ பூமி ஒன்று அங்கே இருந்தால், அதை நம்ப எங்களில் ஒருவரும் தயாராக இல்லை.

இப்போது எனக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கெப்ளருக்கு அடுத்து 2018 ஏப்ரலில் போன டெஸ் விண்கலத்தின் தரவுதான் அவர்களுக்கு. போன மாதம் ஒரு பையன், முதல் வருடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தபடியே கதவருகே வந்து நின்றான். சாப்பிட்டிருக்க மாட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், ஒண்ணு கிடைச்சிருக்கு. ரொம்ப சுத்தமான சிக்னல்."

"எத்தனை நாளுக்கு ஒரு தடவைப்பா?"

"பதிமூணு புள்ளி ஏழு, மேடம்."

டெஸ் பூமியை ஒரு சுற்று சுற்றிவர 13.7 நாள்.

நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். கேன்டீனில் இந்நேரம் சாம்பார் தீர்ந்திருக்கும், என் டப்பாவில் தயிர்சாதம் இருந்தது, அதைப் பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் இரண்டு வாய் சாப்பிடும் வரை பொறுத்திருந்துவிட்டு, "அந்தப் படத்தைத் தலைகீழாப் புரட்டு, பார்ப்போம்" என்றேன்.