வரித்துறைத் தலைவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் ஊர்

வணிகவரி அலுவலகம் இருக்கும் எழிலகத்தின் மாடிப்படிகளில் கோப்பும் கையுமாக ஏறி இறங்கிப் பழகிய சென்னைக்காரருக்கு, கலிபோர்னியாவில் எதைப் பார்த்தாலும் கொஞ்ச நாளில் பழகிவிடும். மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் நடக்கும் நியமன விசாரணை மட்டும் தூக்கிவாரிப் போடும். மாநில விற்பனை வரித்துறைக்கு இயக்குநராக ஆளுநர் தேர்ந்தெடுத்தவர் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். எதிரே உயர்ந்த மேடையில் மாநில மேலவையான செனட்டின் உறுப்பினர்கள் ஐந்து பேர். உங்கள் துறைக்கு போன் செய்தால் எடுக்க ஏன் இவ்வளவு நேரமாகிறது, சின்னக் கடைகளை எப்படித் தணிக்கைக்குத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அது முடிந்ததும் பொதுமக்கள் முறை. ஒரு கடைக்காரர் எழுந்து மைக் முன் நின்று, பெயரையும் ஊரையும் சொல்லி, "இந்த நியமனத்தை எதிர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்காரலாம். ஒருவரும் அவரை முறைக்க மாட்டார்கள்.

நம் ஊரில் வணிகவரி ஆணையர் மாறுவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் ஐ.ஏ.எஸ். இடமாற்றப் பட்டியல் வரும். மறுநாள் காலை சால்வை, பூங்கொத்து, அறை வாசலில் வணிகர் சங்க நிர்வாகிகள். நமக்கு மிச்சமிருப்பது, "புது கமிஷனர் எப்படி சார்?" என்று ஆடிட்டரிடம் கேட்பதுதான். "கறாரானவர்னு சொல்றாங்க, ஆனா நல்லவராம்" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கும்: வரிசை எண், பெயர், பதவியேற்ற நாள், விட்ட நாள். கடைசி இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுப் படித்தால் சிலர் மேசையைப் புரிந்துகொள்வதற்குள் கிளம்பிவிட்டது தெரியும். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, அடுத்த ஆண்டே விதிகள் திருத்தப்பட்டு, ஒரு பதவியில் குறைந்தது 2 ஆண்டு என்ற கணக்கு வந்தது. ஆனால் வருகிறவர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டிக் கேட்க அந்த விதியிலும் இடமில்லை.

கலிபோர்னியாவில் குடியேறியவுடன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வருமான வரி என்றால் நுங்கம்பாக்கம், அது டெல்லி சமாச்சாரம் என்று பழகியவர்கள் நாம். கலிபோர்னியா தனக்கென்று தனியாக ஒரு வருமான வரி வாங்குகிறது; அதற்கு ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டு. விற்பனை வரி, பெட்ரோல் வரி, சிகரெட் வரி, கஞ்சா வரி எல்லாம் வரி மற்றும் கட்டண நிர்வாகத் துறையிடம், அதாவது சி.டி.டி.எஃப்.ஏ.விடம். கடை வைப்பவர்கள், சமையல் ஆர்டர் எடுப்பவர்கள், ஆன்லைனில் புடவை விற்பவர்கள் எல்லோருக்கும் வாழ்க்கை இந்த இரண்டாவது துறையோடுதான்.

இந்தத் துறை பிறந்த நாள் 2017 ஜூலை 1. அன்றுதான் இந்தியாவில் ஜி.எஸ்.டி.யும் வந்தது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் பழைய வாட் கணக்கை மூடிக்கொண்டிருந்த அதே நாளில் சாக்ரமென்டோவிலும் பழைய அமைப்பு ஒன்றை மூடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை விற்பனை வரியை வசூலித்தது போர்டு ஆஃப் ஈக்வலைசேஷன். 1879 அரசமைப்புச் சட்டத்தில் முளைத்த வாரியம் அது. தேர்தலில் நின்று ஜெயித்த நான்கு பேரும் மாநில நிதியைக் கவனிக்கும் கன்ட்ரோலரும் அதன் உறுப்பினர்கள். வரி வசூலும் அவர்களிடம், மேல்முறையீட்டுத் தீர்ப்பும் அவர்களிடம். துறை ஊழியர்களைத் தங்கள் தொகுதி நிகழ்ச்சிகளுக்கு வேலை வாங்கினார்கள், நிர்வாகத்தில் தலையிட்டார்கள் என்று 2017 மார்ச்சில் நிதித்துறைத் தணிக்கை சொன்னது. ஜூன் மாதமே சட்டம் வந்தது. வசூல் ஆளுநரின் கீழ் புதுத் துறைக்குப் போனது. மேல்முறையீட்டை விசாரிக்கத் தனி அலுவலகம் வந்து 2018 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. பழைய வாரியத்துக்குச் சொத்து வரி போன்ற சில வேலைகளே மிஞ்சின. வரி வசூலிக்கிறவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது போய், அந்த இடத்துக்குத்தான் இந்தக் கேள்வி நேரம் வந்திருக்கிறது. அதனால்தான் இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

நடைமுறை இப்படி. ஆளுநர் பெயரை அறிவித்ததும் அந்த நபர் உடனே வேலையில் சேரலாம். சேர்ந்த நாளிலிருந்து 365 நாளுக்குள் செனட் ஒப்புதல் தர வேண்டும். தராமல் விட்டால் அதற்கு மேல் நாற்காலியில் இருக்க முடியாது. வேண்டாம் என்று வாக்களித்துவிட்டால் 60 நாளில் கிளம்ப வேண்டும். அதாவது விசாரணைக்கு வரும்போது பல மாதம் வேலை பார்த்த அனுபவத்தோடுதான் வருவார். "பொறுப்பேற்றதும் கவனிப்பேன்" என்று நழுவ முடியாது.

விசாரிப்பது செனட்டின் விதிகள் குழு. செனட் தலைவர் உட்பட ஐந்து பேர். எதிர்க்கட்சிக்கும் இடம் உண்டு. மூன்று வாக்கு கிடைத்தால் பெயர் முழு அவைக்குப் போகும். அங்கே 40 பேரில் 21 பேர் ஆதரிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் நியமனங்கள் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும்: நேரில் வர வேண்டியவர்கள், வரத் தேவையில்லாதவர்கள். நாம் தேடும் பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் லீவு போட வேண்டும். இரண்டாவது பிரிவில் இருந்தால் கேள்வியே இருக்காது, வாக்கெடுப்பு மட்டும்தான்.

நேரில் பார்ப்பதற்கு விசாரணை சுவாரசியமாக இருந்தாலும், சாரம் அதற்கு முன்பே காகிதத்தில் இருக்கிறது. குழு முதலில் ஒரு கேள்விக் கடிதம் அனுப்பும். இலக்குகள் என்ன, அதை எப்படி அளப்பீர்கள், காலிப் பணியிடங்களை எப்படி நிரப்புவீர்கள், தேங்கிய வழக்குகளை எப்படிக் குறைப்பீர்கள் என்ற ரகக் கேள்விகள். எழுத்தில் பதில் தர வேண்டும். சொத்து, முதலீடு, வருமானம், அன்பளிப்பு எல்லாம் காட்டும் 700-ஆம் எண் படிவமும் பொது ஆவணம். அந்தப் பதில்களைக் கேட்டு வாங்கிப் படித்தவர்தான் விசாரணையில் உருப்படியாகப் பேச முடியும். நேரடி விசாரணையில் பலவீனமும் உண்டு. ஒரே காலையில் பல நியமனங்கள் வரிசையில் இருக்கும். "ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால், எந்தத் தேதிக்குள் என்று துணைக் கேள்வி கேட்க செனட்டருக்கு நேரம் இருக்காது. நிராகரிப்பும் அபூர்வம். ஆனால் எழுத்தில் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும். ஒரு வருஷம் கழித்துத் துறைக்கு எழுதும் கடிதத்தில் அந்த வரியை மேற்கோள் காட்டலாம்.

இட்லி விற்கிறவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். இட்லியில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே இட்லி மாவுக்கு விற்பனை வரி கிடையாது. வீட்டில் சமைக்கிற உணவுப் பொருள். சூடான இட்லிக்கு வரி உண்டு, பொட்டலம் கட்டி எடுத்துப் போனாலும் உண்டு. காபியை மட்டும் எடுத்துப்போகும்படி தனியாக விற்றால் வரி இல்லை. வடையோடு சேர்த்து ஒரே விலை வைத்தால் மொத்தத்துக்கும் வரி. மைசூர்பாகைக் கட்டிக் கொடுத்தால் வரி இல்லை. ஆனால் நுழைவுக் கட்டணம் வாங்கும் விழாவுக்குள் அங்கேயே சாப்பிட விற்றால் வரி. பொங்கல் விழாவில் ஸ்டால் போட வேண்டுமென்றால் தற்காலிக விற்பனை அனுமதி எடுக்க வேண்டும்; ஒரே இடத்தில் 90 நாளுக்கு மேற்படாத விற்பனைக்கு அது பொருந்தும், கட்டணம் இல்லை. மாநிலத்தின் அடிப்படை விகிதம் 7.25 சதவீதம். அதன் மேல் உள்ளூர் வரி சேர்ந்து சில நகரங்களில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. தெரு தாண்டினால் விகிதம் மாறலாம் என்பதால், அஞ்சல் குறியீட்டை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது; முழு முகவரியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டமெல்லாம் அத்துப்படியாகிவிட்டது, நாமும் இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். சூடான இட்லி என்று எழுதியவுடன் மனசு திருவல்லிக்கேணிக்குப் போய்விடுகிறது. சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸில் வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், வெயிலில் நடந்து ரத்னா கபேயில் உட்கார்ந்து, இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, சாம்பாரைச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் அளந்து கொடுக்கும் நாடு என்றைக்கும் கொஞ்சம் அந்நியம்தான்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தணிக்கை வழக்கமாக 3 ஆண்டு பின்னோக்கிப் போகும். ரிட்டர்ன் போடவே இல்லையென்றால் 8 ஆண்டு. தாமதத்துக்கு 10 சதவீத அபராதம். இவ்வளவு வரி பாக்கி என்று துறை நிர்ணயித்த நோட்டீஸ் வந்தால் மறுபரிசீலனை மனு போட 30 நாள்தான். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும் என்று அலமாரியில் வைத்து அந்த 30 நாளைக் கோட்டை விடுவதுதான் குடியேறியவர்களின் கடைகளில் அடிக்கடி நடக்கிறது. ஆகவே நியமன விசாரணையில் நம் மக்கள் எழுப்ப வேண்டிய முதல் விஷயம் மொழியும் அந்தக் கடிதத்தின் நடையும்தான் என்பது என் எண்ணம்.

எப்படி எழுப்புவது? ஒரு பக்கக் கடிதம் போதும். முதல் வரியில் நியமனம் பெற்றவரின் பெயர், பதவி, ஆதரவா எதிர்ப்பா கவலையா என்பது. அடுத்து ஒரே ஒரு குறை, அது எத்தனை கடைகளைத் தொடுகிறது, என்ன மாற்றம் வேண்டும். நம் ஊர் மனுவில் "ஐயா, வணக்கம், பொருள், பார்வை" என்று தொடங்கி மூன்று பத்தி பணிவு எழுதும் வழக்கம் இங்கே உதவாது. படிக்கிறவர் விஷயத்துக்கு வருவதற்குள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். விசாரணைக்கு முன்பே குழு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நேரில் பேசப் போனால் ஓரிரு நிமிடம் கிடைக்கும். கூட்டம் அதிகமென்றால் பெயர், ஊர், நிலைப்பாடு மட்டும். வாக்குரிமை இல்லாதவரும் பேசலாம். சொந்தத் தணிக்கைக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. குழு அதைத் தீர்க்காது. மைக்கில் சொன்ன வியாபாரக் கணக்கு பதிவிலும் ஏறிவிடும். அந்த வேலைக்குத் துறையிலேயே வரி செலுத்துவோர் உரிமைப் பிரிவு இருக்கிறது.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இதே விதி பொருந்தாது. டெக்சாஸில் வரி வசூலிக்கும் கன்ட்ரோலரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இல்லினாயில் 60 அமர்வு நாளுக்குள் செனட் முடிவெடுக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே அர்த்தம், கலிபோர்னியாவுக்கு நேர் எதிர். நியூ ஜெர்சியில் நியமனம் பெற்றவரின் சொந்த மாவட்ட செனட்டர்கள் கையெழுத்திடாமல் இருந்தால் பெயர் விசாரணைக்கே வராமல் கிடக்கும்.

விற்பனை வரியில் நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. கலிபோர்னியா 1933-ல் தொடங்கியது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜியின் சென்னை மாகாண அரசு 1939-லேயே பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது, இந்தியாவில் முதலாவதாக. செனட் போல மேலவை ஒன்றும் நம்மிடம் இருந்தது, 1986 நவம்பரில் கலைக்கப்படும்வரை. இன்றும் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் நடந்து முடிந்ததைத்தான் கேட்கிறார்கள், பதில் சொல்பவரும் பெரும்பாலும் அடுத்த துறைக்குப் போயிருப்பார். பதவியேற்கும் அதிகாரியிடம் வணிகர் சங்கமாவது சால்வையோடு ஒரு கேள்வித்தாளையும் நீட்டலாம், எழுத்தில் பதில் கேட்டு. ரீஃபண்டு 60 நாளில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை விண்ணப்பம் அதைத் தாண்டி நிற்கிறது? நோட்டீஸைப் போர்ட்டலில் மட்டும் ஏற்றிவிட்டு, வணிகர் பார்க்காமலேயே போட்ட உத்தரவுகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இனி தபாலிலும் அனுப்புவீர்களா, எந்தத் தேதியிலிருந்து?